அக்கம்பக்கம்

ஒன்பது பேர்ச், வாவி பார்த்த காணி,
குழாய்த் தண்ணீர், அமைதியான அயல்.
பலகை நடுகிற பொடியனுக்குத் தெரியாது,
அவன் குழி தோண்டுவது
பொன்னுச்சாமி மாமா மலவாளிகளைக் கழுவிக்
கவிழ்த்து வைத்த இடம்.

அப்போது இது சுங்காமுனை அல்ல.
நகரசபைக் கணக்கில் ‘கூலி லைன், பன்னிரண்டு அறை’.
ஊர் வாயில் இருந்த பெயரை
இந்தத் தாளில் எழுதமாட்டேன்.

மாமி ஓபுளம்மா
நாற்பது வருசம் மட்டக்களப்புப் பட்டணத்துக்குள் போய்வந்தாள்,
விடியமுன், ஒழுங்கைகளால், பின்பக்கமாக.
ஒரு வீட்டின் முன்கதவு என்ன நிறமென்று
அவளுக்குத் தெரியாது.

மதில் ஒன்று இருந்தது. ஆறடி.
நுளம்புக்கு என்றார்கள்.
நுளம்பு மேலால் போனது.
நாங்கள் சுற்றிப் போனோம்.

எழுபத்தெட்டு, கார்த்திகை, சூறாவளி.
தென்னைகள் தலையில்லாமல் நின்ற காலையில்
மதில் படுத்துக் கிடந்தது.
பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே கிடாரத்துக் கஞ்சி.
வைத்திலிங்கப் போடியார்
எங்கள் தகரக் கோப்பையில் குடித்தார்.
எனக்குப் பதினொரு வயது.
அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் சீமெந்து வந்தது.
கூரைகளுக்கு முன்னால்
மதிலைத்தான் எழுப்பினார்கள்.

விண்ணப்பத்தில் எங்கள் விலாசம் போட்டால் பதில் வராது.
தம்பி வீரபத்திரன் வாழைச்சேனைச் சிநேகிதன் வீட்டைப் போட்டான்.
கடிதம் வந்ததா என்று பார்க்க
சைக்கிளில் இருபது மைல்,
ஏழு கிழமை.
வேலை கிடைத்தது. அங்கேயே இருந்துவிட்டான்.
பிள்ளைகளுக்கு லைனைக் காட்டவே இல்லை.

பிறகு ஆமி, மதிலோடு சேர்த்துக் காவலரண்.
இரண்டு பக்கத்தாரும்
ஒரே வரிசையில் அடையாள அட்டை நீட்டினோம்.
அந்த வரிசையிலும் எங்களுக்கு முன்னால்
ஓராள் அளவு இடம் விட்டு நின்றார்கள்.

மதில் எப்போது போனதென்று கேட்டால்
சரியாகச் சொல்ல முடியாது.
ஒருவரும் வெட்கப்பட்டு இடிக்கவில்லை.
வீதி அகலித்தபோது கொஞ்சம்,
சுனாமியில் கொஞ்சம்,
கல் தேவைப்பட்டவர்கள் இரவில் கொஞ்சம்.
சலூனுக்குப் பின்னால் நாலு முழம் மிச்சம்.
அதில் மோட்டார் சைக்கிள் சாய்த்திருக்கிறது.

நேற்று ஒரு கார் நின்றது.
போடியாரின் பேரன், மனைவியோடு.
பலகையைப் படித்தான்.
‘அண்ணே, இஞ்ச வெள்ளம் ஏறுமா?’
மாரிக்கு முற்றம்வரை ஏறும் என்றேன்.
‘அக்கம்பக்கம் எப்படி?’

‘அக்கம்பக்கம் நான்தான்.’

அவன் என்னைப் பார்த்தான்,
என் வீட்டு முன்கதவைப் பார்த்தான்
(பச்சை, போன தைக்கு அடித்தது),
திரும்பவும் பலகையைப் பார்த்தான்.

விலை கொஞ்சம் கூடத்தான் என்றான்.