முப்பது பாகை

எக்ஸ்ரே எடுத்த பிள்ளை
வவுனியாவில் கேட்டாள்:
"அம்மா, நெஞ்சுக்குள்ள எத்தனை துண்டு?"
ஐந்து என்றேன்.
ஆறாவது ஒன்றும் தெரிகிறதாம்.
பதினாறு வருசம் பிழையாக எண்ணியிருக்கிறேன்.

வால்வு சுண்ணாம்பாகிவிட்டது,
கதவு திறக்க மறுக்கிறது என்று
டொக்டர் அருள்நேசன் தாளில் படம் கீறினார்.
நெஞ்சைப் பிளந்து மாற்ற ஏலாது.
சீனி வருத்தம், பாதி பழுதான சிறுநீரகம்,
நெஞ்செலும்போடு ஒட்டிப்போன செல் துண்டுகள்.
"தொட்டால் எது எதோட வருமெண்டு தெரியாது."

எனக்குத் தெரியும்.
அம்பகாமத்தில் பதினொரு வருசம்
அந்த வேலைதான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை. முழங்காலில்.
கம்பியை முப்பது பாகை சரித்து
மண்ணுக்குள் விடவேண்டும்.
நேரே குத்தினால் மிதிவெடியின் தலையில் படும்.
சரித்தால் விலாவில் தட்டும்.
விலாவில் தட்டினால் விழிக்காது.

ஆகவே அவர் தொடைமடிப்பைக் காட்டி
"இதால உள்ள போவம்" என்றபோது
நான் கேட்டது ஒன்றுதான்:
எத்தனை பாகை?
சிரித்தார். பிறகு யோசித்தார்.
"நாற்பத்தைஞ்சு மட்டில."

விலையைக் கேட்டு வெளியே வந்து
வாங்கில் இருந்தேன்.
இரண்டு உழவு மிசின் வாங்கலாம்.
என் அணியில் இருந்த பாமதி காப்பை விற்றாள்.
மிச்சம் எப்படி வந்ததென்று
இன்னும் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

புது வால்வு
மாட்டின் இதயத்தைப் போர்த்திருந்த சவ்வில் தைத்ததாம்.
சொல்லிவிட்டு டொக்டர் என் நெற்றியைப் பார்த்தார்,
திருநீறு இருக்கிறதா என்று.
நான் அதை நினைக்கவில்லை.
ஒலுமடுவை விட்டு வெளிக்கிட்ட இரவு
கத்தி தேடிக் கிடைக்காமல்
பல்லால் கடித்துச்
சிவப்பியின் கயிற்றை அறுத்ததை நினைத்தேன்.
போ என்றேன்.
போகவில்லை.
உழவு மிசினுக்குப் பின்னால்
முதல் செல் விழுமட்டும் வந்தது.

கொழும்பில் அந்த அறை நல்ல குளிர்.
நாலுபேர் ஈய அங்கி மாட்டி,
முகத்துக்குக் கண்ணாடி இறக்கி
மெல்ல என்னை நோக்கி வந்தார்கள்.
அந்த நடையை எனக்குத் தெரியும்.
அந்தப் பாரம் தோளில் எந்த இடத்தை அறுக்கும்
என்றும் தெரியும்.
இப்போது நான் நிலம்.

கம்பி ஏறியது. நோவில்லை.
பக்கத்து அறையில் யாரோ
செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி.
திரையில் ஆறு துண்டுகளும் கறுப்பாய்
இதயத்தோடு சேர்ந்து ஆடின.
ஆறுதான். எண்ணினேன்.

"தவமணிதேவி அம்மா,
இப்ப இதயத்தைக் கொஞ்சம் விரட்டப்போறம்.
தலை சுத்தும். பத்துச் செக்கன்."

எங்களிடம் ஒரு விசில் இருந்தது.
அதை ஊதினால் அவரவர் இடத்தில்
அப்படியே உறையவேண்டும்.
கண்ணுக்குள் வழியும் வியர்வையையும்
துடைக்கக் கூடாது.
மூன்று. நாலு.
ஐந்தில் கயிற்றின் ருசி வாயில்.
ஏழில் ஒன்றுமில்லை.
"விரிஞ்சிட்டுது" என்றது ஒரு குரல்.

வெடிக்கவில்லை.

வீட்டிலிருந்து கடைக்குப் போக
மூன்று இடத்தில் நிற்பேன் முன்பு:
மதகு, தபால்பெட்டி, முதிரை மரம்.
இப்போது முதிரையடியில் மட்டும் நிற்கிறேன்,
மரம் ஏதும் நினைக்கக் கூடாதென்று.

இந்த வால்வு எவ்வளவு காலம் உழைக்கும்?
பத்து வருசம் மட்டில்.
அம்பகாமம் எப்போது முடியும்?
வருசாவருசம்
அடுத்த வருசம் என்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம்
சிவப்புத் தலைத் தடிகளுக்கு அப்பால்
யாருடையதோ ஒரு பசு.
மனிசர் கால் படாத புல்,
இடுப்பளவு.

நாலு வருசமாய்
கத்துகிற அளவு மூச்சு என்னிடம் இருந்ததில்லை.
கத்தினேன்.
காட்டில் பட்டுக் குரல் திரும்பி வந்தது,
என்னுடையதுதானா என்று பார்க்கவேண்டியிருந்தது.

பசு நிமிர்ந்து பார்த்தது.
மென்றது.
முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது.

இன்னொருமுறை கூப்பிட்டேன்.