ஒழுங்கையில் கதைத்தது

கொக்குவில் கிழக்கு. இரண்டு பரப்புக் காணி,
புது மாடிவீடு.
திறப்பு இல்லை.
றெஜினோல்ட் போனை ஒருக்காத் தடவ
கதவு தன்பாட்டில் விலகிக்கொண்டது.

"சொந்தக்காரர் ஸ்காபரோவில.
அங்கயிருந்தே பூட்டுவார், திறப்பார்.
எல்லாம் ஸ்மாட்."
தரகுக் காசு ஏற்கெனவே சட்டைப்பையில் விழுந்ததுபோலச்
சிரித்தான்.

ஜெயரூபனுக்குத் தண்ணி மோட்டர்தான் பிடித்துக்கொண்டது.
கந்தோரில் இருந்தே போடலாம்,
தாங்கி நிரம்பினால் தானே நிற்கும்.
நாலு தரம் போட்டு நாலு தரம் நிறுத்தினான்,
கலியாண வீட்டில் பலூன் கண்ட பிள்ளை மாதிரி.

எனக்கு அந்த விறாந்தை லைற்.
நைற் டியூட்டி முடிந்து
ஆஸ்பத்திரியால் இரண்டு மணிக்கு வருகிறவளுக்கு
ஆளறிந்து எரியுமாம்.
இத்தனை வாடகை வீடுகளில் ஒன்றுகூட
எனக்காக முழித்திருந்ததில்லை.
மனம் கொஞ்சம் இளகினது உண்மை.

குசினிக்குள் போனோம்.
அலுமாரி திறந்து பார்க்கிற சாட்டில்
அவன் காதுக்குள் சொன்னேன்:
"ஒண்டு எண்பதில தொடங்கு.
ரண்டு கோடி மட்டும் போகலாம்."

அரை நிமிடம் இராது,
றெஜினோல்டின் போன் அடித்தது.
"ஓம் அண்ணை... ஓம்... ஓம்..."
எங்களைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"ரண்டுக்குக் குறையமாட்டாராம்."

தற்செயலாக இருக்கலாம்.
முகட்டில், புகை மணக்கிற வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில்
இன்னொரு வட்டம்
நீலமாய் ஒருமுறை முழித்துவிட்டுப் படுத்தது.

தொண்ணூற்றாறில் எங்களை முற்றத்தில் நிற்க வைத்துத்
தலை எண்ணி அட்டையில் எழுதிப்போனார்கள்.
அவர்களுக்குக்கூடத் தெரியாது
அரிசி வாளிக்குள் அம்மா தாட்டு வைத்த சங்கிலி.

மிச்சத்தை ஒழுங்கைக்கு வந்துதான் கதைத்தோம்.
மதிலோரம் ஆரோ கட்டின மாடு அசைபோட்டது.
வைஃபை எட்டவில்லை என்று
ஜெயரூபன் போனைப் பார்த்து நிச்சயப்படுத்திய பிறகு,
மட்டுவில் சீதனக் காணியை வித்தால்
எதுவரைக்கும் ஏறலாம் என்பதை
மாட்டுக்கும் கேளாமல் சொன்னேன்.
எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே இரகசியம் அது.

"வாங்குவமே?"
"வாங்கினாப் பிறகு பாஸ்வேட் ஆரிட்ட?"

உறுதியில் எல்லாம் எழுதுவார்கள்:
கிழக்கு எல்லை ஒழுங்கை,
வடக்கு எல்லை இன்னார்,
பயன்தரு மரங்கள்,
கிணற்றில் அரைப் பங்கு,
வழி வாய்க்கால் உரித்து.
நொத்தாரிசுக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன்.
பாஸ்வேட்டுக்கும் ஒரு வரி போடலாமோ?

கன நேரம் சத்தமில்லை.
"பிள்ளை, அது அசையும் ஆதனமோ,
அசையா ஆதனமோ?"

எனக்கென்ன தெரியும்.
திரும்பிப் பார்த்தேன்.
பட்டப்பகல், பதினொரு மணி வெயில்,
விறாந்தை லைற் எரிந்துகொண்டிருந்தது.
ஆளறிந்துவிட்டதாக்கும்.