கருகல்

தொண்ணூற்றெட்டு ஜனவரி, கேத்திப் பள்ளத்தாக்கு.
வானம் இத்தனை சுத்தமாக இருந்தால்
தேயிலைக்காரனுக்கு வயிறு கலங்கும்.
மேகப் போர்வை இல்லாத இரவில்
மண் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும்.
விடியும்போது கொழுந்தின் மேல்
உப்புத் தூவினாற்போல் உறைபனி.
எனக்கோ அப்படி ஓர் இரவுதான் வேண்டியிருந்தது.

தகரக் கூரையை இழுத்துத் திறந்தேன்.
தெருவிளக்கை லைன்மேன் அந்தோணிதாஸ்
'ஃபால்ட்' என்று எழுதி அணைத்துக் கொடுத்திருந்தார்.
விரல் மரத்துப்போக, கடக ராசிப் பக்கம்
அரைமணிக்கு ஒன்றாக மூன்று படம்.
திரையில் மாற்றி மாற்றிப் போட்டால்
நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நின்றன.
ஒரு புள்ளி மட்டும்
மேற்கே, இன்னும் மேற்கே என்று
இரண்டு எட்டு வைத்தது.

பின்னால் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது.
பர்லியார் வளைவில் பஸ் முந்தும்போது
லாரி பின்னோக்கி நழுவுகிறதே, அதுதான்.
உள்வட்டத்தில் விரைவது நாம்.

பட்டியலில் தேடினேன். யாருடையதும் இல்லை.
டீ போட எழுந்தபோது விடிந்திருந்தது.
தோட்டத்தில் அண்ணன் ஜோகிராஜ்
வெயில் படுமுன் பனியைக் கழுவிவிடப் பார்த்தார்.
குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்திருந்தது.
நான் "கிடைச்சிருச்சு" என்றேன்.
அவர் "போச்சு" என்றார்.
இருவரும் ஒரே இரவைப் பற்றித்தான் பேசினோம்.

பத்து மணிக்குள் இரண்டு ஏக்கர்
செம்பழுப்பு. மறுநாள் கருப்பு.

ஐந்து இரவு பார்த்தேன். ஆறாம் இரவு மஞ்சு ஏறிவிட்டது.
அந்தத் துண்டு வில்லை வைத்து
முழுப் பாதையைச் சொல்ல முடியாது.
மறுபடி அது எங்கள் எதிரே வந்தது
தொண்ணூற்றொன்பது மே மாதம்: கோடைமழை.
அதற்கடுத்து இரண்டாயிரம் ஆகஸ்ட்:
அந்த மாதத்தில் இங்கே ஆகாயம் என்று ஒன்று கிடையாது.
பிறகு இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி,
புல்லெல்லாம் வெள்ளை.
கணித்த இடத்தில் இல்லை.
மூன்று இரவு துழாவி,
பத்து நிலவை வரிசையாக வைக்கும் தூரத்தில்
பிடித்தேன்.

அப்புறம் எண்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு சுற்று,
நான்கு வருடம், இரண்டு மாதம், சொச்ச நாள்.
கேத்தி ஸ்டேஷனிலிருந்து லவ்டேல் வரை
ஏறக்குறைய அதன் அகலம்.
ஏழு மணி நேரத்துக்கு ஒரு புரளல்;
புரளும்போது ஒளி இருமுறை ஏறி இருமுறை இறங்கியது,
ஆகவே உருண்டை இல்லை,
மார்க்கெட்டில் கழித்துப்போடும் உருளைக்கிழங்கு.
விழுகிற வெளிச்சத்தில் நூறில் ஐந்தைத்தான் திருப்பித் தரும்.
"எந்தக் கருப்பு?" என்றார் அண்ணன்.
காலடியில் கிடந்தது அந்தக் கருப்பு.
அடுப்புக்கரி என்று சொல்லிவைத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன்.
அந்தக் கல்லும் பகலில் காயும்,
மாலைப் பக்கத்தில் சூட்டை வெளியே விடும்.
விட்ட சூடு கல்லையே தள்ளும்,
வருடத்துக்குச் சில அடிதான்,
பல கோடி வருடத்தில் பாதையே மாறிப்போகும்.
அண்ணன் மேலே பார்க்கவில்லை.
கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:
"நம்ம நிலம் விட்ட சூடு
எதைத் தள்ளிச்சு?"

பெயர் எழுதவேண்டிய படிவம் மேஜையில் இருக்கிறது.
எண்ணை மட்டும் நிரப்பியிருக்கிறேன்.
இன்றைக்கும் வானம் சுத்தம்.
கூரையைத் திறக்குமுன்
தோட்டத்துக்குள் இறங்கிப்போய்
குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன்.