இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி

முதலாவது ஆறு வெள்ளி தொண்ணூறு காசு.
தபால் பெட்டியில் கிடந்தது.
வயிற்றிலிருந்த சில்லு
பெரிய இடத்துப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்திருந்தது.
டிரைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டது.
பதில் தெரியவில்லை அதற்கு.
மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

இரண்டாவது பன்னிரண்டு வெள்ளி. நல்ல பிள்ளை,
வீட்டு மேசைமேல் இருக்கும்வரை.
துவாஸ் ஐஸ் ஆலையில்
கம்பிரஸர் உதறி எழுந்ததும்
போர்ட் மூன்று போர்ட் ஏழானது,
ஏழு
ஒன்றுமில்லை ஆனது.

"இருபது வெள்ளிக்குள் என்றால் சில்லறைக் கணக்கில் தருகிறேன்,
மேலே போனால் மூன்று கடை விலைப்புள்ளி வேண்டும்"
என்றார் ஹம்தான்.
உருகும்போது ஐஸ் யாரிடமும்
விலைப்புள்ளி கேட்பதில்லை.

சனிக்கிழமை, ஜாலான் புசாரில் இறங்கி
சிம் லிம் டவர்.
இழுப்பறை இழுப்பறையாக ரெசிஸ்டர்கள்.
பெய் ஷான் மீ சியாம் தின்றுகொண்டே
நான்கு கேபிள்களை எடுத்துப் போட்டாள்:
ஒன்பது எண்பது, பதினாறு,
பத்தொன்பது ஐம்பது, நாற்பத்தாறு.
எது நம்பகமானது?
"எல்லாம் ஓகே லா."

ரசீதுக் கட்டிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை உருவினேன்.
நிமிர்த்தி, வளைத்து,
இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் பாலம் போட்டேன்.
சொல்கிற வாயை
கேட்கிற காதோடு கட்டிவைப்பது, அவ்வளவுதான்.
மடிக்கணினியைத் திறந்து தட்டினேன்:
இருக்கிறாயா.

ஒன்பது எண்பது சின்னச் சொற்களைத் திருப்பிக் கொடுத்தது.
நீள வரி ஒன்றை ஒட்டியதும்
நடுவில் நான்கு எழுத்தை விழுங்கிவிட்டு
முழுதாகச் சொன்னதுபோல் நின்றது.
பதினாறு சூடானது.
பத்தொன்பது ஐம்பதில்
நான் கேட்டதே எனக்குக் கேட்டது,
ஓர் எழுத்து குறையாமல்.
கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன்.
மௌனம். அதுவும் தேர்ச்சிதான்:
இணைப்பில்லாதபோது பேசாதிருக்கத் தெரிந்திருக்கிறது.
நாற்பத்தாறும் அதையேதான் சொன்னது,
இருபத்தாறு வெள்ளி ஐம்பது காசு கூடுதலாக.

பெய் ஷான் கரண்டியை வைத்துவிட்டு
"இன்னொரு தடவை செய்" என்றாள்.
செய்தேன். கிளிப்பை அவளே வைத்துக்கொண்டாள்.

ஆனால் கம்பிரஸருக்கு முன் எது எப்படி நிற்கும்
என்பது கடை மேசைக்குத் தெரியாது.
உலோகத் தலை, கழுத்தில் ஃபெரைட் உருண்டை,
இவற்றை நம்பித்தான் வாங்கினேன்.

இரவு பதினொன்றேகால், துவாஸ்.
வேகம் தவறாக வைத்திருந்தேன்;
கட்டம் கட்டமாக ஏதோ உளறியது திரை.
ஒன்பதாயிரத்து அறுநூறுக்கு இறக்கினேன்.
அப்போது கம்பிரஸர் எழுந்தது,
தரை அதிர்ந்தது,
போர்ட் மூன்று போர்ட் மூன்றாகவே இருந்தது.

எச்சரிக்கை 14. மூன்றாம் உணரி, கம்பி துண்டிப்பு.
எச்சரிக்கை 14. மூன்றாம் உணரி, கம்பி துண்டிப்பு.
நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்பது நாளாக,
கேட்க ஆளில்லாத ஓட்டை வழியே
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஓர் ஆணி. அரைச் சுற்று.

திங்களன்று ஹம்தான் பத்தொன்பது வெள்ளி தந்தார்.
சில்லறை இல்லையாம்.