மங்கலே நல்லது

மின்விசிறியை நிறுத்தினேன்.
யன்னலையும் சாத்தினேன்.
வாவிக் காற்று வந்து மேசை விரிப்பைத் தொட்டாலும்
இந்தக் கமரா பொய் சொல்லும்.

விரிப்பின்மேல் இஸ்மாலெவ்வையின் வலக்கை.
வாழைச்சேனை ஐஸ் பெக்டரியில்
அமோனியாக் குழாய் பிரிந்த இரவு
வால்வை விடாமல் திருகிய கை.
இன்றோடு பதினொரு நாள்.
மோதிரவிரலும் சின்னவிரலும்
சுட்ட கத்தரிக்காயின் தோல்.

சிவப்பு லேசர் விரிந்து விழுகிறது.
தோல் முழுக்கப் பொடிமணிகள்,
குறுணல் கொட்டினாற்போல.
அடியில் இரத்தம் ஓடினால் மணிகள் கலைந்து
ஒன்றுக்குள் ஒன்று கரையும்.
ஓடாத இடத்தில்
எண்ணி எடுக்கலாம் போல நிற்கும்.

"சுடாதா தங்கச்சி?"
சுடாது காக்கா. மூச்சை மட்டும் மெல்ல விடுங்க.

திரையில் கட்டைவிரல் மங்கல்.
சுட்டுவிரல், நடுவிரல், நகம்வரைக்கும் மங்கல்.
மோதிரவிரலும்
மங்கியது.

சுகந்தினி மிஸ்ஸி என் தோளைப் பிடித்தா.
"ஓடுது, என்ன?"
ஓம் என்றேன்.
அரை நிமிடம்
அந்த ஓம் அறைக்குள் இருந்தது.

பிறகுதான் கண்டேன்,
விரலுக்குக் கீழே பச்சை விரிப்பும் மங்கிக் கிடந்தது.
துணிக்கு ஏது இரத்தம்?
நடுங்கியிருக்கிறது கை.
நடுங்கினால் செத்ததும் உயிராய்த் தெரியும்.

இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து
மணிக்கட்டைப் பட்டியால் இறுக்கி
மறுபடி.
விரிப்பு தெளிந்தது.
சின்னவிரல் தெளிந்தது.
மோதிரவிரல் அடிக்கணுவரை மங்கல்,
அதற்குமேல் துணியைப் போலவே
அவ்வளவு தெளிவு.

வாயால் சொல்ல வரவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன்.
தெளிவாய் இருக்கிற இடம்தான் காக்கா, பிழை.

கனநேரம் பார்த்தார்.
"எங்கட ஐஸில மற்றப் பக்கம்.
தண்ணிக்குள்ள காத்த ஊதி
அசைச்சிக்கிட்டே இருந்தாத்தான்
பாளம் கண்ணாடியா வரும்.
அசைவு நிண்டா நடுவில பால் கட்டும்.
இருவத்தி ரெண்டு வருசமா
மங்கலத்தான் கழிச்சிப் போட்டன்."

டொக்டருக்காகப் படத்தைச் சேமித்தேன்.
அடிக்கணுவில் நீலப் பேனையால் ஒரு கோடு.
மிஸ்ஸி வேறெங்கோ பார்த்துக்கொண்டு
பட்டியை அவிழ்த்தா.

அவிழ்த்ததும் கை நடுங்கத் தொடங்கியது.
லேசரை நான் இன்னும் அணைக்கவில்லை.
திரையில்
ஐந்து விரலும் மங்கின.