அறுபத்திரண்டு நாற்காலிகள்

ஆலங்கட்டி மழை கொட்டிய மூன்றாம் நாள்
சிட்னியின் பஞ்ச்போலில் இறங்கினேன்.
கையில் கம்பெனி டேப்லெட்,
கழுத்தில் அடையாள அட்டை,
வீட்டுக்கு நாற்பது நிமிடம் என்ற கணக்கு.

ஹிக்மத் சலூம் வீடு எது?
தெருவில் யாருக்கும் தெரியவில்லை.
கதவு எண்ணைச் சொன்னதும்
"ஓ, அபூ மர்வானா!" என்றான் ஒரு பையன்.
மகனுடைய பெயரால் அப்பனை அழைக்கிற தெரு.
பாலிசியில் இருந்த பெயர்
பாலிசியில் மட்டும்தான் இருந்தது.

சேதம் எங்கே என்றேன்.
காப்பி முதலில் என்றார்.
வேண்டாம் என்றேன்.
அது அவர் காதில் விழவில்லை,
அல்லது விழுந்து
வேறு பொருள் கொண்டது.
எதையும் வாங்கக்கூடாது, விதி என்றேன்.
"விதி உன் கம்பெனிக்கு. இது என் வீடு."
ஏலக்காய் மணத்தது. குடித்தேன்.

பதினெட்டு நிமிடம்
என் அப்பாவின் முழங்கால் வலி,
பெர்த்தில் வேலை தேடும் தம்பி,
எனக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை.
ஓட்டை விழுந்த கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மணிக்கட்டைப் பார்த்தேன்,
பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.
"நீங்கள் ஆஸ்திரேலியர்கள்," சிரித்தார்,
"போகிற இடத்துக்கெல்லாம்
கடிகாரத்தையும் கூட்டிக்கொண்டு வருவீர்கள்."

என்னையா சொல்கிறார்?
பின்னால் யாரோ நிற்கிறார்களா என்று
திரும்பப் போனது கழுத்து.
வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள்,
இந்த நிறத்தோடு வந்தால்
பாதியாவது தானாகப் புரிந்துவிடும் என்று
நம்பி வந்தவள்.

கராஜின் கூரை சல்லடை.
சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாய்
வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள்.
எண்ணினேன், அறுபத்திரண்டு.
பாதிக்குமேல் விரிசல்.
வீட்டில் எத்தனை பேர்?
"நானும் அவளும்."

ஆள் கணக்குக்கு மிஞ்சிய பொருள் கண்டால்
சந்தேகம் என்ற கட்டத்தில் டிக் செய்,
பயிற்சியில் சொல்லித் தந்தது.
செய்தேன்.

உரிமையாளர்?
"தெரு."
ரசீது?
"செத்தவர்களைக் கேட்க வேண்டும்."
ஒவ்வொரு துக்க வீடும்
நாற்பதாம் நாள் கழிந்ததும்
நாலைந்து வாங்கி இதில் சேர்க்குமாம்.
வைக்க இடம் இவருடையது, அவ்வளவுதான்.
"அதனால் இவற்றுக்கு நஷ்டஈடு கேட்கமாட்டேன். எழுதிக்கொள்."
அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நின்றது.
எட்டாம் எண் வீட்டு உம்மு தலால்
விடியற்காலையில் போய்விட்டாராம்.
யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை.
உடையாதவற்றைத் தட்டித் தட்டிப் பிரித்தார்கள்,
தண்ணீரை உதறினார்கள், ஏற்றினார்கள்.
வேன் நிரம்பிய பின்னும் மீந்த நாலை
நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
வா என்று யாரும் கூப்பிடவில்லை.
நீ யார் என்றும் கேட்கவில்லை.

பெண்கள் இருந்த கூடத்தில் உட்கார்ந்தேன்.
சின்னக் கோப்பையில் காப்பி, நாக்கைக் கடிக்கும் கசப்பு.
சர்க்கரை கேட்டேன்.
கொண்டுவந்த பெண் என் முகத்தையே பார்த்தாள்.
"இன்றைக்கு இப்படித்தான்,"
அபூ மர்வானின் மனைவி என் காதில் சொன்னாள்.
உள்ளே வந்த ஒவ்வொருத்தியும்
ஒரே வாக்கியத்தைச் சொல்லி அமர்ந்தாள்.
அந்த வாக்கியம் என்னிடம் இல்லை.

எழுந்தபோது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது 'வரேன்.'
சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது,
எங்கள் பக்கத்துப் பழக்கம்.
விழுங்கினேன்,
ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கினேன்.
அந்த வீட்டு வழக்கத்தில் அது மரியாதையா
அவமரியாதையா, இன்றுவரை தெரியாது.

காரில் டேப்லெட்டைத் திறந்தேன்.
சந்தேகக் கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது.
அழித்தேன்.
காரணம் எழுதாமல் அழிக்க முடியாது என்றது.
அடுத்த வீட்டுக்கு ஐம்பது நிமிடம் தாமதம்,
போன் அடித்துக்கொண்டே இருந்தது.

'உட்கார்ந்து பார்த்தேன்'
என்று தட்டி அனுப்பினேன்.