கடைசி எண்

லண்டன் வக்கீலின் கடிதம்
குன்னூர் வந்து சேரப் பதினேழு நாள்.
தார்ன்மியர் பிரபுப் பட்டம் காலியாம்.

முதலாமவர் ராஜாவுக்குக் கடன் கொடுத்து வாங்கினார்.
இரண்டாமவர் அதையே சீட்டுமேசையில் வைத்திருப்பார்,
சட்டம் விடவில்லை; காட்டை வைத்தார்.
மூன்றாமவரின் தம்பி இங்கே காபி போட்டு
இலைநோயில் நொடித்து
எங்கள் கல்லறைத் தோட்டத்தில், கற்பூர மரத்தடியில்.
நாலு, ஐந்து பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான்.
ஆறாமவர் போன டிசம்பரில், பிள்ளையில்லாமல்.

கோயில் பதிவேட்டின் சாவி என்னிடம்.
ஞானஸ்நானம்: ஆண் குழந்தை, மார்ச் 1874.
தாய் ரெபேக்காள், தோட்டக் கூலி.
திருமணம்: அதே இருவர், நவம்பர் 187
அப்புறம் ஒரு ஓட்டை.
ராமபாணப் பூச்சி தின்ற எண்
மூன்று என்றால் பிரபு.
நான்கு என்றால் ஒன்றுமில்லை.

பெட்போர்டு நிறுத்தத்தில் பஞ்சர் கடை.
எட்வின் தேவவரம், ஆண்வழியில் கொள்ளுப்பேரன்.
சொன்னேன்.
"நிலம் கிலம் வருமா?"
வராது. பேருக்கு முன்னால் ஒரு சொல் வரும்.
அவன் ஜீப் டியூப்பைத் தொட்டியில் அமுக்கினான்.
"முன்னாடி கட்டினாளா, பின்னாடி கட்டினாளான்னு
அவளை இப்ப எதுக்குக் கேக்கறாங்க?"
நான் பேசவில்லை.
தண்ணீருக்குள் டியூப் மெல்லச் சுழன்றது.
குமிழி கிளம்பிய இடத்தில்
தீக்குச்சி செருகினான்.

பதில் எழுதினேன்:
'வருடம் படிக்க இயலவில்லை.'
தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாட்டு மருந்துக் கடை.
ஏட்டுக்குப் பூச்சி வராமலிருக்க
வசம்பு வாங்க வேண்டும்.
இந்த வாரமும் வாங்கவில்லை.